மாரே கொடுத்த மெமோ

மத்தியானச் சீரியல் பார்க்கிற வீடுகளில் யாருக்கும் லிகாயா மலோன்சோவின் பெயர் தெரியாது. அவள் வெட்டி ஒட்டிய அறைகளை மட்டும் எல்லோருக்கும் தெரியும். பணக்காரி ஏழைப் பெண்ணைக் கன்னத்தில் அறைவாள். அதை முன்னாலிருந்து ஒரு தரம், பக்கவாட்டில் ஒரு தரம், அடி வாங்கியவளின் முடி பறக்கிற கோணத்தில் ஒரு தரம் என்று மூன்று தடவை காட்டியாக வேண்டும். நிஜத்தில் கை கன்னத்தில் படுவதே இல்லை. படாத கையைப் பட்டதாக நம்ப வைப்பது எடிட்டரின் பாடு. சத்தத்தைக் கண்ணிமைக்கும் நேரம் முன்னால் தள்ளி வைத்தால்தான் பார்க்கிறவளுக்குக் கன்னம் காந்தும். இந்த வேலையை லிகாயா பதின்மூன்று வருடம் செய்தாள். முடிவில் பெயர்கள் ஓடும்போது அவள் பெயரும் ஓடும், ஆனால் ஓடுகிற வேகத்தில் அவளாலேயே அதைப் படிக்க முடியாது.

ஊர் லுசேனா. அப்பா தென்னை ஏறியவர். கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, மூன்றாவது வருடப் பணம் கட்ட வழியில்லாமல் தலைநகரை ஒட்டிய கேசோன் சிட்டிக்கு வந்து, ஒரு டிவி கம்பெனியில் டேப்புகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலையில் சேர்ந்தாள். எடிட்டர் ஒருத்தர் பிரசவத்துக்குப் போன மூன்று மாதத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் திரும்பி வந்தபோது நாற்காலி அவருடையதாக இல்லை. அந்தப் பாவம் லிகாயாவைச் சேராது. அவரும் கம்பெனிக்கு வேலைக்காரி இல்லை என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா எரிச்சலும் இங்கேதான் ஆரம்பம். அந்தக் கம்பெனியில் கேமராக்காரன், லைட்காரன், எடிட்டர், மேக்கப்காரி யாருமே ஊழியர் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 'கீழே ஒப்பமிடுபவர் நிறுவனத்தின் பணியாளர் அல்லர், சுதந்திரக் கலைஞர்' என்று அதில் இருக்கும். சுதந்திரம் எப்படி என்றால், காலை ஒன்பது மணிக்கு வருகைப் புத்தகத்தில் எழுத வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி போச்சு. கக்கூசுக்குப் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். கை உடைந்தால் மட்டும் கலைஞர். காய்ச்சலில் படுத்தால் கலைஞர். பண்டிகைக்கு ஊழியர்களுக்கு ஹாம் கொடுக்கும்போது கலைஞர்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

நியாயமாக லிகாயா மூன்றாவது வருடமே சண்டை போட்டிருக்க வேண்டும். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அதற்குள் அவள், எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற அந்தத் தப்பைச் செய்துவிட்டாள். மகள் பியா பிறந்ததும், தயாரிப்பு நிர்வாகி மிலாக்ரோஸ் வில்லாகொர்த்தாவை ஞானத்தாயாக இருக்கச் சொல்லிக் கேட்டாள்.

எங்களில் யார்தான் செய்யவில்லை? பிள்ளை பிறந்தால் முதலில் தேடுவது மேலதிகாரியைத்தான். ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிட்டால் வேலை உறுதி என்று ஒரு நினைப்பு. கொடுத்த அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைப் பெற்றவளும் ஏந்தியவளும் ஒருத்திக்கு ஒருத்தி 'மாரே'. உறவாகிவிட்டவரிடம் சம்பளம் உயர்த்திக் கேட்க முடியுமா? மாரேயிடம் போய் எனக்கு நிரந்தர வேலை கொடு என்று வாய் திறக்க முடியுமா? மிலாக்ரோஸின் அக்கா மகள் கல்யாண வீடியோ, தங்கை மகனின் பட்டமளிப்பு, அவர் அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள், எல்லாம் லிகாயா ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா வெட்டிக் கொடுத்தது. 'நம்ம குடும்பம்தானே மாரே' என்பார் மிலாக்ரோஸ். கிறிஸ்துமஸுக்குப் பியாவுக்கு ஒரு கவுன் வரும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

போன வருடம் தோதோங் விழுந்தான். கேமரா உதவியாளன், ஐம்பது வயது, லிகாயாவுக்கு முன்பிருந்தே அங்கே இருப்பவன். மழையில் நனைந்த சாரத்தின் மேல் ஏறச் சொன்னார்கள், ஏறினான், இடுப்பெலும்பு நொறுங்கியது. ஆஸ்பத்திரிக்கு கம்பெனி ஒரு பழக்கூடை அனுப்பியது. கூடையில் ஒரு அட்டை, 'விரைவில் நலம் பெறுக, கலைஞரே' என்று. அந்த அட்டையைப் பார்த்த பதினேழு பேர் தொழிலாளர் நடுவர் மன்றத்துக்குப் போய், நாங்கள் கலைஞர்கள் இல்லை, வேலையாட்கள் என்று வழக்குப் போட்டார்கள். பதினெட்டாவதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி லிகாயாவிடம் காகிதம் வந்தது. மாரேயின் முகம் கண்ணில் நின்றது. அவள் போடவில்லை. அதன் பிறகு தோதோங் வீட்டுப் பக்கம் போகவும் இல்லை.

இந்த மே மாதம் பியாவுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். கோவிலிலிருந்து வந்து வீட்டு முன்னால் பந்தலில் சாப்பாடு. பன்சித் நூடுல்ஸ், பொரித்த மீன், அர்னெலின் தம்பி கொண்டு வந்த பன்றி வறுவல். அர்னெல் லிகாயாவின் கணவன், ஏசி ரிப்பேர் பார்ப்பவன். வெள்ளைக் கவுனோடு பியா போய் ஞானத்தாயின் கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி வாங்கினாள். அந்தக் கையை எடுத்த சூட்டிலேயே மிலாக்ரோஸ் பையிலிருந்து காகிதக் கோப்பு ஒன்றை எடுத்தார்.

"மாரே, இந்தா. பிள்ளைக்கு கவுன், உனக்கு இது."

லிகாயா கை துடைத்துக்கொண்டு திறந்தாள். முதல் பக்கம் வேலைக் கடிதம். நிரந்தர ஊழியர். மத்தியானத் தொடர்களின் தலைமை எடிட்டர். குடும்பத்துக்கே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு அட்டை. பியாவுக்கு ஆஸ்துமா, மழைக்காலம் வந்தால் மூன்று தடவையாவது தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். லிகாயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்றாவது பக்கம் வரும்வரைதான் அது.

"இது என்ன மாரே?"

"அது ஒண்ணுமில்ல, வக்கீல் கேட்டது. ஒரு வாக்குமூலம். படிச்சுப் பார்த்து கையெழுத்துப் போடு."

'நான் பதின்மூன்று வருடமும் எனக்கு இஷ்டமான நேரத்தில் வந்து போனேன். யாரும் என்னை மேற்பார்வை செய்யவில்லை. என்னோடு பணிபுரிந்த கேமராப் பிரிவினரும் அவ்வாறே சுதந்திரக் கலைஞர்கள்.' பாதி பக்கம்தான். தேதியும் கையெழுத்தும் மட்டும் காலி.

"இஷ்டமான நேரத்திலயா? எங்க மாமியார் செத்த அன்னிக்கு லீவு கேட்டதுக்கு, எபிசோட முடிச்சுட்டுப் போன்னு சொன்னது யாரு மாரே?"

"பழசையெல்லாம் கிளறாத. பதினேழு பேருக்கு குடுத்தா கம்பெனி தாங்குமா? ஒருத்திக்கு குடுக்கலாம். அந்த ஒருத்தி நீயா இருக்கணும்னு நான்தான் மேல சண்டை போட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடு. பன்சித் நல்லாருக்கு, கொஞ்சம் கட்டிக் குடு."

பன்சித்தைக் கட்டிக் கொடுத்தாள். கொடுத்த கையைப் பிறகு சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் ஹார்வி கூப்பிட்டான். ஹார்வி சித்தாங்கோ. ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனியில் கிளாப் அடித்தவன், இப்போது பாசிக்கில் சொந்தமாக நிமிஷத் தொடர் எடுக்கிறான். போனை நிற்க வைத்துப் பார்க்கிற தொடர், ஒரு எபிசோட் ஒரு நிமிடம், எண்பது எபிசோட். சாப்பாட்டு வேளையில் லிகாயா அவன் இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். அடுக்குமாடி வீடு ஒன்றில் ஹாலில் கல்யாண மண்டபம், சமையலறையில் ஆஸ்பத்திரி, பால்கனியில் ஜெயில்.

"நிமிஷத்துக்கு ரெண்டு அறை வேணும்கா. உங்களை விட்டா எனக்கு ஆள் ஏது? என் ஆளுங்க வெட்டுறது கொசு அடிக்கிற மாதிரி இருக்கு."

"பேப்பர் ஏதாவது குடுப்பியா ஹார்வி?"

"என்ன பேப்பர்?"

"வேலைக்கு வச்சிருக்கேன்னு ஒரு பேப்பர்."

ஹார்வி சிரித்தான். "அக்கா, இந்த எண்பது எபிசோட் ஓடினா அடுத்த எண்பது. ஓடலேன்னா நானே நடுத்தெருவில. அங்க வாங்குறதுக்கு ஒண்ணரை மடங்கு தரேன், வாராவாரம். ஆனா திங்கக்கிழமை வந்துடணும், அதுக்கு மேல காத்திருக்க முடியாது."

ஆக ஒரு பக்கம் காகிதம் உண்டு, அதோடு பொய்யும் உண்டு. இன்னொரு பக்கம் பொய் இல்லை, காகிதமும் இல்லை. பதின்மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உழைத்தவளுக்கு ஊர் நீட்டிய இரண்டு தட்டு இவை. இதில் எதை எடுப்பது?

அர்னெலுக்கு யோசனையே இல்லை.

"கையெழுத்துதானே லிகா. போட்டுட்டு வா."

"பொய்க் கையெழுத்து."

"சீரியல்ல தினம் பொய்தானே வெட்டுற? படாத அடிய பட்டதா காட்டுற. இதுல பட்ட அடிய படலேன்னு சொல்லப் போற, அவ்வளவுதான்."

"தோதோங் அண்ணன் இடுப்பு உடைஞ்சு கெடக்கிறாரு. அவரு இஷ்டத்துக்கு சாரத்து மேல ஏறி விளையாடினாருன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"பியாவுக்கு மூச்சு வாங்குறப்போ தோதோங்கா வந்து தூக்கிட்டு ஓடுறான்? நான் ஓடுறேன். நீ எடிட் ரூம்ல இருப்ப, நான்தான் ஓடுறேன்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அன்றைக்கு அவள் தேய்த்த வாணலியில் ஒரு பக்கம் பளபளவென்று ஆகி, அர்னெல் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பேசாமல் வைத்தான்.

வியாழக்கிழமை அரை நாள் எடுத்துக்கொண்டு நோவாலிசெஸ் போனாள். தோதோங் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, வாழைப்பழத்தைச் சர்க்கரையில் பொரித்துக் குச்சியில் குத்தி விற்றுக்கொண்டிருந்தான். ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது.

"அடேயப்பா, தலைமை எடிட்டர்! ஒரு வருஷம் ஆச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அதுக்குள்ள தெரிஞ்சுடுச்சா அண்ணே?"

"இடுப்புதான் போச்சு, காது நல்லாத்தான் இருக்கு. உக்காரு."

லிகாயா எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பு, மூன்றாவது பக்கம், பியாவின் மூச்சு, ஹார்வி. தோதோங் பழத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டான். ஒரு பள்ளிக்கூடப் பெண் வந்து இரண்டு குச்சி வாங்கிக்கொண்டு போனாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுது லிகா. 'உனக்கும் பிள்ளை இருக்கு, போட்டுக்கோ, நான் தப்பா நெனைக்க மாட்டேன்'னு நான் சொல்லணும். அதை வாங்கிட்டுப் போயி நீ நிம்மதியா கையெழுத்துப் போடணும். அதானே?"

அவள் தரையில் கிடந்த குச்சி ஒன்றை எடுத்து உடைத்தாள்.

"சொல்ல மாட்டேன். நெனைப்பேன். தப்பாத்தான் நெனைப்பேன். சாகிற வரைக்கும் நெனைப்பேன். நீ போட்டாலும் போடாட்டியும் அது உன் பாடு, ஆனா என்கிட்ட இருந்து மன்னிப்பு வாங்கிட்டுப் போகாத. அது இங்க விக்கிறதில்ல."

ஜீப்னி வண்டியில் திரும்பி வரும்போது அவனை மனசுக்குள் கண்டபடி திட்டினாள். திமிர் பிடித்தவன், இடுப்பு உடைந்தும் வாய் உடையவில்லை என்று. கொஞ்ச தூரம் போனதும் திட்டு தீர்ந்துவிட்டது, கோபம் தீரவில்லை. அது தோதோங் மேல் இல்லை, பதினெட்டாவது கையெழுத்தைப் போடாத தன் மேல்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. பக்கத்தில் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் கோப்போடு மிலாக்ரோஸின் அறைக்குப் போனாள். மேசையில் பியாவின் ஞானஸ்நானப் படம் சட்டம் போட்டு இருந்தது.

"போட்டுட்டியா மாரே?"

"இல்ல. உங்க கையெழுத்து மட்டும் இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

மிலாக்ரோஸ் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு ஓதுனது? அந்த நொண்டியா?"

"அந்த நொண்டிய மழையில சாரம் ஏறச் சொன்னது யாரு? அன்னிக்கு எடுத்ததெல்லாம் என் மேசைக்குத்தான் வந்துச்சு மாரே. 'ஏறுடா, நாள் போகுது'ன்னு ஒரு குரல் கேட்டுச்சு. எனக்கு அந்தக் குரல் தெரியும். அதை வெட்டிப் போட்டதும் நான்தான், நீங்க சொல்லி."

மிலாக்ரோஸ் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"திங்கக்கிழமையில இருந்து நான் ஹார்விகிட்ட போறேன்."

"ஹார்வியா! எனக்கு கிளாப் அடிச்சவன்! அவன்கிட்ட போயி போன்ல படம் வெட்டப் போறியா? உன்ன நான் விட மாட்டேன். நீ போக முடியாது."

"நீங்க எதுக்கு விடணும்? போன ஒப்பந்தம் முடிஞ்சு மூணு வாரம் ஆச்சு. புதுசுல நான் கையெழுத்துப் போடல. நான்தான் உங்க ஆளே இல்லையே. சுதந்திரக் கலைஞர். இஷ்டமான நேரத்துக்கு வருவேன், இஷ்டமான நேரத்துக்குப் போவேன். உங்க வக்கீல்தானே எழுதியிருக்காரு?"

"நன்றி கெட்டவளே! உன் பிள்ளைய இந்தக் கையில ஏந்தினேன்!"

"ஏந்தினீங்க. அதுக்கு பத்து வருஷம் வட்டி கட்டிட்டேன்."

படத்தை எடுத்து வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. பியா சிரித்துக்கொண்டு நன்றாக இருந்த படம். விட்டுவிட்டு வந்தாள்.

மிலாக்ரோஸ் முட்டாள் இல்லை. இருபது வருடம் டிவியில் பிழைத்தவர் முட்டாளாக இருக்க முடியாது. பதினேழு பேர் விஷயத்தில் ஒரு வார்த்தை எழுதுவதாக இருந்தாலும் வக்கீலைக் கேட்டுத்தான் எழுதினார். ஆனால் லிகாயா விஷயம் அவருக்கு வழக்கு இல்லை, குடும்பம். வீட்டுக்குள் அடங்காமல் போன பெண்ணுக்கு எதற்கு வக்கீல்? கோபத்தில் கையில் என்ன ஆயுதம் கிடைத்ததோ அதை எடுத்தார். ஆபீஸ்காரியின் கையில் கிடைப்பது மெமோதான்.

லிகாயா ஹார்வியிடம் மூன்று நாள் வேலை பார்த்தாள். புதன்கிழமை மத்தியானம் அவன் கையில் ஒரு காகிதத்தோடு வந்து நின்றான். முகம் தொங்கியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அனுப்புன மெமோவோட நகல் எனக்கும் வந்திருக்கு. வேற கம்பெனி ஆள திருடிட்டேன்னு என்மேல கேஸ் போடுவாங்களாம். அவங்க சேனலுக்குத்தான் என் அடுத்த தொடர விக்கலாம்னு இருக்கேன். நான் சின்ன ஆளுக்கா."

"நீ சின்ன ஆளுதான் ஹார்வி. அது எனக்குத் தெரியாமப் போச்சு." மூன்று நாள் கூலியை எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். பாதி வெட்டிய அறை ஒன்று திரையில் கை ஓங்கியபடி நின்றுவிட்டது.

வீட்டுக்கு வந்தால் அவள் பெயருக்கு வந்த உறை சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. அர்னெல் பிரித்துப் படித்திருந்தான்.

"சந்தோஷமா? அதுவும் போச்சு, இதுவும் போச்சு. ஒருத்தி நாடகம் ஆடுனா போதாதா, நீயும் சேர்ந்து ஆடணுமா?"

"வாய மூடு அர்னெல். படிக்கிறேன்."

கம்பெனியின் பெயர் அச்சடித்த காகிதம், முத்திரை, மிலாக்ரோஸின் கையெழுத்து. ஆத்திரத்தில் எழுத்துகள் முதலில் கண்ணில் நிற்கவில்லை. எடிட்டரின் பழக்கம், மூன்று தடவை பார்ப்பது. மூன்றாவது தடவை மெதுவாக வாய்விட்டுப் படித்தாள்.

'திருமதி லிகாயா மலோன்சோ, எடிட்டர், மத்தியானத் தொடர்ப் பிரிவு. நீங்கள் மேலதிகாரியின் அனுமதியின்றி மூன்று நாட்களாகப் பணிக்கு வரவில்லை. காலை ஒன்பது மணி முதல் மாலை ஏழு மணி வரை எடிட் அறையில் இருக்க வேண்டும் என்ற விதியை மீறியுள்ளீர்கள். முப்பது நாள் முன்னறிவிப்பும் விடுவிப்புச் சான்றும் இல்லாமல் வேறு நிறுவனத்தில் பணிபுரிய உங்களுக்கு உரிமை இல்லை. ஊழியர் நடத்தை விதிகளின்படி உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவும்.'

அர்னெல் அவளைப் பார்த்தான். லிகாயா சிரிக்கத் தொடங்கியிருந்தாள். நல்ல சிரிப்பு இல்லை. பியா அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அம்மாவுக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்கிற அளவுக்கு இருந்தது.

"ஊழியர் நடத்தை விதி, அர்னெல். ஊழியர்! ஒன்பதுல இருந்து ஏழு வரைக்கும்! மேலதிகாரி அனுமதி!"

அர்னெல் காகிதத்தைத் திரும்ப வாங்கிப் படித்தான். இந்தத் தடவை அவனுக்கு விளங்கியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டு வந்தான். பியாவின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த உறை. சான்றிதழை எடுத்து வெளியே வைத்துவிட்டு மெமோவை உள்ளே போட்டான்.

லிகாயா தோதோங்கைக் கூப்பிட்டாள். "அண்ணே, பதினெட்டாவது கையெழுத்துக்கு இன்னும் இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா லேட்டா வந்ததுக்கு அரை நாள் வெட்டு."

விசாரணை ஆறு வாரம் கழித்து. அதுவரை லிகாயா வீட்டில் உட்கார்ந்து பதினெட்டு வயதுப் பெண்களின் பிறந்தநாள் வீடியோக்களை வெட்டினாள். பதினெட்டு ரோஜா, பதினெட்டு மெழுகுவர்த்தி, அழுகிற அப்பாக்கள். ஒரு நாள் மழையில் பியாவுக்கு மூச்சு வாங்கியது. இருவருமாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்றபோது, கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த வரிசை இல்லை என்று அவளும் நினைத்தாள், அர்னெலும் நினைத்தான். அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்காக அவள் அவனுக்கு வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டவள்.

நடுவர் மன்றம் நாலாவது மாடியில், லிப்ட் வேலை செய்யாத கட்டடம். தோதோங் ஊன்றுகோலோடு படி ஏறி முடிக்க இருபது நிமிடம் ஆனது. உள்ளே நீள மேசை, ஒரு பக்கம் இவர்கள், எதிர்ப்பக்கம் கம்பெனி வக்கீலும் மிலாக்ரோஸும். நடுவர் அம்மாள் தடித்த கண்ணாடி போட்டவர், விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமல் ஸ்டேப்ளரை மேலே வைத்திருந்தார்.

வக்கீல் அழகாகப் பேசினார். இவர்கள் கலைஞர்கள், கலைஞர்களை மணிக்கணக்கில் கட்டிப் போட முடியுமா, கம்பெனி இவர்களைக் கட்டுப்படுத்தியதே இல்லை, வருவதும் போவதும் அவர்கள் சுதந்திரம் என்றார். 'சுதந்திரம்' என்ற சொல்லை அவர் ஐந்து தடவை சொன்னதை லிகாயா எண்ணினாள்.

"உங்க பக்கம் ஏதாவது இருக்கா?" என்று நடுவர் கேட்டார்.

லிகாயா பிளாஸ்டிக் உறையோடு மெமோவை மேசை மேல் தள்ளினாள். நடுவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு அதை வக்கீல் பக்கம் நகர்த்தினார். வக்கீல் மேலிருந்து கீழே படித்து வந்து கையெழுத்தில் நின்றார். மெதுவாக மிலாக்ரோஸ் பக்கம் சாய்ந்தார். மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார், அறை முழுக்கக் கேட்டது.

"மேடம், இதை நீங்களா எழுதுனீங்க?"

மிலாக்ரோஸ் பையைத் திறந்து கண்ணாடியைத் தேடினார். தோதோங் தொண்டையைச் செருமினான். வக்கீல் வாய்தா கேட்டார், நடுவர் மூன்று வாரம் கொடுத்தார். மெமோவைத் தன் கோப்பில் வைத்து ஸ்டேப்ளரால் இரண்டு அடி அடித்தார்.

வழக்கு எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. இந்த ஊரில் இப்படிப்பட்ட வழக்குகள் பிள்ளைகள் பெரியவர்களாகும்வரை போகும். வெளி நடையில் மிலாக்ரோஸ் லிகாயாவை மறித்துக்கொண்டு நின்றார். வக்கீல் கூப்பிட்டும் போகவில்லை. கண் சிவந்திருந்தது.

"அது நமக்குள்ள எழுதினது. கோவத்துல ஒரு மாரே இன்னொரு மாரேக்கு எழுதினது. அதைக் கொண்டு வந்து இங்க வைக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? கிழிச்சுப் போட்டிருக்கக் கூடாதா?"

"பதிமூணு வருஷத்துல என்னை உங்க ஆளுன்னு நீங்க எழுதிக் குடுத்த ஒரே காகிதம் அது. அதைப் போயி கிழிக்கச் சொல்றீங்களே மாரே."

மிலாக்ரோஸின் கை மேலே எழுந்தது. தோள் உயரத்துக்கு வந்து அங்கேயே நின்றது. லிகாயா முகத்தைத் திருப்பவில்லை, கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கன்னத்தில் படாத கைகளைப் பதின்மூன்று வருடம் பார்த்தவள் அவள். கை தானாகக் கீழே இறங்கி, பையின் வாரைப் பிடித்துக்கொண்டது.

படிக்கட்டுத் திருப்பத்தில் தோதோங் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். லிகாயா போய் அவனுடைய ஊன்றுகோல் இல்லாத பக்கம் நின்று தோளைக் கொடுத்தாள். இன்னும் மூன்று மாடி இறங்க வேண்டியிருந்தது.